கண்ணாடியில் ஒட்டிய நார்மல்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே உன் அப்பா நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, லிஃப்ட் பழுது பார்க்கிறவன் மட்டும் படியேறித்தான் வேலைக்குப் போகவேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். உன் தம்பி நலம். வீடும் நலம், குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றிருக்கிறது, நிஜமாகவே நின்றதா அல்லது நம்மை ஏமாற்றுகிறதா என்று இன்னும் தெரியவில்லை. என் நலத்தை மட்டும் இந்த இடத்தில் எழுதாமல் விடுகிறேன். அதை ஒரே வார்த்தையில் சொல்லப்போய்த்தான் இவ்வளவு குழப்பமும் வந்தது. கொஞ்சம் பொறு, கடைசியில் எழுதுகிறேன். நீ எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவள், இதையாவது வரிசையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசினாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "நார்மல்னுதானேம்மா சொன்னே, ஒவ்வொரு தடவையும் நார்மல்னுதானே சொன்னே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய், அப்புறம் அழுதாய், அப்புறம் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாய், இல்லாவிட்டால் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்க வேண்டும், இரண்டில் ஒன்று சொல் என்றாய். நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை, சாலையில் என்றால் ஹாரன் அடித்திருப்பேன். உன் தம்பியைத் திட்டாதே. நான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனதை அவன் உன்னிடம் உளறிவிட்டான் என்பது உண்மைதான், ஓட்டைவாய் அவனுக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிறது, அதற்கு இப்போது என்ன செய்ய முடியும். இரண்டு நாளாக என் கண்ணில் படாமல் சுவரோரமாகவே நடக்கிறான். நடந்தது முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன், படித்த பிறகு நீ கேட்ட இரண்டில் எது என்று பார்க்கலாம்.

முதல் தடவை நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அது உன் அப்பா சொன்ன கதை, அதில் அவர் எங்குமே பயப்பட்டிருக்க மாட்டார். மத்தியானம் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு டிப்போவுக்குத் திரும்பி, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி, குத்தல் இல்லை, வெறும் பாரம், அது மெதுவாகத் தாடைக்கு ஏறியது. என்ஜினை அணைத்தேன், ஹேண்ட்பிரேக் போட்டேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும், ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ஓட்டுகிறவர் கடைசி சீட் வரை நடந்து போய் எந்தப் பிள்ளையும் தூங்கிப்போய் உள்ளேயே இருக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த நடையையும் நடந்துவிட்டுத்தான் படியில் உட்கார்ந்தேன். என்னோடு வண்டியில் வந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் எல்லோரும் அவளை விசில் என்றே கூப்பிடுவார்கள். அவள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ எடுத்தார்கள். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு, எங்கேயும் அடைப்பே இல்ல, நார்மல்" என்றார். பார்த்தேன். கிளை கிளையாகப் பிரிந்து போகும் கோடுகள், எங்கள் டிப்போ சுவரில் இருக்கும் ரூட் படம் மாதிரி இருந்தது. வெளியே வந்தால் உன் அப்பா நாற்காலியில் இல்லை. பயம் வந்தால் அவர் எந்த இயந்திரத்தையாவது தேடிப் போய்விடுவார், அது அவர் சுபாவம். திரும்பி வந்து, இந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் மேல் மாடிக் கதவு லேசாக இழுக்கிறது என்றார். நான், "நார்மலாம்" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது, அதை மறைப்பானேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நார்மல் என்று வந்துவிட்டால் ஒரு நோயாளிக்குரிய மரியாதை கிடைக்காது. மாடி வீட்டில் பழைய வங்கிக்காரர் இருக்கிறார் அல்லவா, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நம் கட்டடத்துக்கே இதய நிபுணராக இருப்பவர். என்னைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார், முகம் தொங்கிப்போயிற்று. "ஒண்ணுமே இல்லையாம்மா, ஒரு முப்பது பர்சன்ட் அடைப்புகூட இல்லையா" என்று கேட்டார். இல்லை என்றேன், தப்பு செய்தவள் மாதிரி. "அப்ப இது வெறும் வாயு, கேஸ்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பழத்தை வைத்துவிட்டுத்தான் போனார், அந்தளவு நல்லவர்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளியை நாங்கள் சீட்பெல்ட் என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். யாரைப் பார்த்தாலும் முதலில் அந்த வார்த்தையைத்தான் சொல்வார், தன் கல்யாணத்திலும் சொல்லியிருப்பார் என்று விசில் சொல்வாள். நான் ஆம்புலன்சில் போனது அதற்குள் பள்ளிக்கூட வாசலில் பரவி, ஓட்டுகிற அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்காம், அந்த வண்டியில் எப்படிப் பிள்ளையை அனுப்புவது என்று பெற்றோர்கள் அவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். நான் வேலைக்குத் திரும்பிய காலையில் கேக் வெட்டினார்கள். கேக் முடிந்ததும் சீட்பெல்ட் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, உங்க ரிப்போர்ட்ட ஒரு காப்பி எடுத்து வண்டியில ஒட்டிடட்டுமா, பேரண்ட்ஸுக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முன்கண்ணாடியில் வண்டியின் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் காகிதம், அதற்குப் பக்கத்தில் என் நெஞ்சின் ரிப்போர்ட். நார்மல் என்ற வார்த்தையை மட்டும் பெரிதாக்கி மஞ்சள் பூசியிருந்தார். பிள்ளையை ஏற்ற வந்த ஒரு தகப்பனார் குனிந்து நின்று முழுவதும் படித்துவிட்டு, "எங்க ஆபீஸ் லிஃப்ட்லகூட சர்டிபிகேட்ட இவ்வளவு பெருசா ஒட்ட மாட்டாங்க" என்றார். ஒரு அம்மா எந்த லேப் என்று விசாரித்தார், தன் புருஷனுக்கும் எடுக்க வேண்டுமாம். இதையெல்லாம் உனக்குப் போனில் சொன்னேன், நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்துதான் நீ போனை எடுத்ததும் "நார்மல்தானே" என்று கேட்க ஆரம்பித்தாய், நானும் "நார்மல்தான்" என்பேன். வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் வலி ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வந்தது, அதே உள்ளங்கை, அதே தாடை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி நன்றாக இருந்தது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பழைய ஆஞ்சியோவைப் பார்த்துவிட்டு, "இது நார்மல்தானேம்மா, வீட்ல ஏதாவது டென்ஷனா" என்று கேட்டார். வீட்டில் டென்ஷன் இல்லாதவர்கள் யார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வயிற்றுக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன், அன்று அங்கே நிஜமாகவே உயிருக்குப் போராடுகிறவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள், நான் நல்ல ரிப்போர்ட்டோடு ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் உன் அப்பா, "எங்க வேலையிலயும் இப்படித்தான், கம்ப்ளைன்ட்னு போய் நிப்போம், நாங்க பார்க்கிறப்ப மட்டும் ஒழுங்கா ஓடும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை. அதற்கப்புறம் வலி வந்தால் வீட்டில் சொல்வதை விட்டுவிட்டேன். மாதம் ஒரு தடவை, சில மாதம் அதற்கு மேலும் வரும், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் நார்மல், நார்மல் என்றால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். உடம்பு வலியைவிட அந்தப் பார்வை கஷ்டமாக இருந்தது.

வண்டியில் வலி வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்பாய். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன், உட்கார்ந்து படி. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், செடி நாற்று விற்கும் இடத்தின் நீளமான சுவர் இருக்குமே, அங்கே வந்தது. வண்டி நிறையப் பிள்ளைகள். கை கால் எல்லாம் என் கட்டுப்பாட்டில்தான் இருந்தன, தலை சுற்றவில்லை, ஆனாலும் அந்த நிலையில் ஓட்டக் கூடாது என்று தெரியும். சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தி, நாலு விளக்கையும் எரியவிட்டேன். எனக்கு நேர் எதிரே கண்ணாடியில் அந்தக் காகிதம். வெயில் வெளியிலிருந்து அடிக்கும்போது எழுத்தெல்லாம் இடவலம் மாறி உள்ளே தெரியும். நெஞ்சு வலிக்கிறது என்று அந்த இடத்தில் சொன்னால் அந்தக் காகிதம் பொய்யாகிவிடும், அப்புறம் என்னை யார் ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார்கள். விசில் எட்டிப் பார்த்து, "என்னக்கா" என்றாள். "டயர்ல காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருக்கு, எறங்கிப் பாரு" என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் இறங்கி, ஒவ்வொரு டயராகச் சுற்றி வந்து உதைத்தாள். பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு அவள் உதைப்பதை எண்ணினார்கள். அவள் மெதுவாகத்தான் உதைத்தாள், எனக்கு நேரம் தருகிறாள் என்று அப்போது புரியவில்லை. பாரம் இறங்கியது, புறப்பட்டோம். டிப்போவில் வண்டியை நிறுத்தி நான் கடைசி சீட் வரை நடந்து திரும்பியபோது அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள். "டயரெல்லாம் நல்லா இருக்குக்கா, நான் உதைச்சுப் பார்த்துட்டேன். நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்டாள்.

நான் பிடி கொடுக்கவில்லை. ஒன்றும் இல்லை, கேஸ் என்றேன். அடுத்த வாரமும் அதே மாதிரி ஒரு தடவை ஒதுக்கினேன், மறுபடியும் டயர்மேல் பழி போட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிவிட்டது, யாரோ ஒரு பெற்றோர் டயர் விஷயமாகச் சீட்பெல்ட்டுக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் நான் டிப்போவுக்குப் போனால் என் வண்டி ஜாக்கியில் ஏறி நிற்கிறது. பழைய டயர் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாகப் போட்டிருக்கிறார்கள், புத்தம் புதிய டயர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சீட்பெல்ட் முகமெல்லாம் சிரிப்பாக, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குப் பிள்ளைங்க முக்கியம்" என்றார். கழற்றிப் போட்ட டயர்களைப் பார்த்தேன், இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடியிருக்கும். வேறு யாராவது செய்திருந்தால் சிரித்திருப்பேன். அன்று எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் நெஞ்சு வலிக்கு ஒரு வண்டி சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் விசில் என்னை விடவில்லை. வண்டி கழுவுகிற இடத்தில் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினாள். "எனக்கே காது குத்தாதீங்கக்கா. நீங்க ஓட்டும்போது எப்பவும் முணுமுணுன்னு ஏதாவது பாடிக்கிட்டே இருப்பீங்க. வலி வந்தா பாட்டு நின்னுடும். இந்த மாசத்துல எத்தனை தடவ நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்களா ஒரு டாக்டரைப் பார்க்கலேன்னா நான் போய்ச் சொல்லிடுவேன், என் பொண்ணும் இந்த வண்டியிலதான் வருது" என்றாள். அவள் பெண்ணும் அந்த வண்டியில் வருவது எனக்குத் தெரியாதா, தினமும் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வருகிறது. அதை அவள் சொல்லித்தான் நான் கேட்க வேண்டியிருந்தது.

இந்தத் தடவை வேறு டாக்டர், பெண், வயது உன்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அதைச் சொல்லச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன், துணி, சுவர், டயர் எல்லாவற்றையும் சொன்னேன். டயர் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு ஒரு ஊசி மருந்தைச் செலுத்தி நெஞ்சை வேறு விதமாகப் படம் எடுக்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஆஞ்சியோல பார்த்தது பெரிய குழாய்ங்கள. அது நெசமாவே நல்லா இருக்கு, அதுல பொய் இல்ல. ஆனா அதுக்கப்புறம் முடி மாதிரி சின்னச் சின்னக் குழாய்ங்க இருக்கு, ஆஞ்சியோல தெரியாது. உங்களுக்கு அதுங்க தேவைப்படற நேரத்துல சரியா விரிய மாட்டேங்குது. நார்மல்னு சொன்னது குழாய்க்கு, உங்களுக்கு இல்ல" என்றார். சொன்னால் நீ திட்டுவாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ ஒன்று இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்றால், நான் பட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, நான் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பா இந்தத் தடவை லிஃப்டைப் பார்க்கப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இனி என்ன ஆகும் என்று நேராகவே கேட்டேன். நீயும் அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புவாய், அதனால் அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "பயந்து நடுங்கற மாதிரி இல்ல, மறந்துடற மாதிரியும் இல்ல" என்றார். பெரிய குழாயில் அடைப்பு இருப்பவர்களோடு ஒப்பிட்டால் எனக்கு ஆபத்து குறைவாம். இந்த மாதிரி வலியோடு வருகிறவர்களில் நிறையப் பேர் நல்ல வயது வரைக்கும் இருப்பார்களாம். ஆனால் ஒன்றுமே இல்லாத ஆளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டுமாம், முன்பு நினைத்த அளவுக்கு இது சாதுவான வியாதி இல்லையாம். வலி சிலருக்கு மருந்தில் அடங்கிவிடும், சிலருக்கு வருஷக்கணக்கில் வந்து வந்து போகும், அதனாலேயே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைவார்கள், வேலையை விட்டுவிடுவார்கள், வீட்டில் உள்ளவர்களுக்கு அலுத்துப்போகும், கடைசியில் தங்களுக்கே தங்கள்மேல் சந்தேகம் வந்துவிடும் என்றார். உயிரைவிட வாழ்க்கையைத்தான் இது அதிகம் பிடுங்கும் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். எனக்கு எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன், அதை இப்போதே சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்றார். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், நடக்க வேண்டும், மாத்திரையைத் தவறவிடக் கூடாது, வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் ஒன்று வைக்க வேண்டும், வலி வழக்கத்துக்கு மாறாக விடாமல் நீடித்தால், ஆஞ்சியோ நார்மல் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாமல் கிளம்பி வரவேண்டும். அப்புறம், வலி அடங்கியது என்று தான் பார்த்துச் சொல்லும் வரைக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது என்றார். நான் அவர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துக்கொண்டு சரி என்றேன். வியாதிக்கு ஒரு பெயரும் சொன்னார், நீளமான பெயர். உன் அப்பா அதை மனப்பாடம் செய்துகொண்டு மாடிக்குப் போய் வங்கிக்காரரிடம் ஒப்பித்தார். அவர் கேள்விப்படாத பெயர் போலிருக்கிறது, மறுநாள் மறுபடியும் பழம் வந்தது.

சீட்பெல்ட்டிடம் நானே போய்ச் சொன்னேன். விசில் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ டயர் நல்லாத்தான் இருந்துச்சா" என்று கேட்டார். நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அந்தக் காகிதத்த நான்தானேக்கா ஒட்டுனேன்" என்று மட்டும் சொன்னார், அசடு வழிந்த மாதிரி நின்றார். நான் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரும் ஒரு பிளேடும் எடுத்துக்கொண்டு போய் வண்டியின் கண்ணாடியிலிருந்து அதைச் சுரண்டினேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார், ஒரேயடியாக வரவில்லை, மஞ்சள் பூசிய இடம் கடைசியாக வந்தது. எடுத்த பிறகு அந்தச் சதுரம் மட்டும் மற்ற கண்ணாடியைவிடத் தெளிவாக இருக்கிறது. சாவியை இப்போது வேறொருவர் வைத்திருக்கிறார், நல்ல ஓட்டுநர், திருப்பத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறார். காலையில் வண்டி கேட்டைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, நெஞ்சு வலி இல்லை, வெறும் வருத்தம், இரண்டுக்கும் எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும்.

எனக்கு டிப்போ அறையில் வயர்லெஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேஜை, ஒரு மைக், சுவரில் ரூட் படம், ஜன்னலில் டீசல் வாசனை. ஓட்டுநர்கள் நடை முடிந்ததும் கூப்பிட்டு, "வண்டி நார்மல்" என்பார்கள். அது பழைய வழக்கம். நான், "வண்டி சரி, நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்கிறேன். முதல் வாரம் கிண்டல் செய்தார்கள், அக்காவுக்குப் பொழுது போகவில்லை என்றார்கள். போன வாரம் ஒருத்தர், பல்வலி, மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றார். அவரை இறக்கிவிட்டு வேறு ஆள் போட்டோம். என் வலி மாத்திரைக்குக் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. முன்னைவிடக் குறைவு, அடியோடு போகவில்லை. மூன்று மாதம் கழித்து டாக்டர் பார்த்துச் சொல்வார். மறுபடி வண்டி ஓட்டச் சொல்வாரா என்று தெரியாது, சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது.

இனி நீ கேட்ட இரண்டுக்கும் வருகிறேன். நான் அங்கே வந்து உன்னோடு உட்கார்ந்துகொள்ள மாட்டேன், இங்கே எனக்கு வேலை இருக்கிறது. நீயும் வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. ஓடி வந்து பார்த்து ஓடிப் போகிற வியாதி இல்லை இது, ரொம்ப நாள் கூட இருக்கப் போகிறது, அதற்காக யாராவது வாழ்க்கையை நிறுத்தினால் அப்புறம் எனக்கு வலி வருகிறது என்று சொல்லவே வாய் வராது, பழையபடி டயரைத்தான் சொல்வேன். ஆனால் உன் விடுமுறை வரும்போது வேறெங்கும் போகாமல் இங்கே வா. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அது வியாதியினால் இல்லை, போன வருஷமும் இருந்தது, சொல்லவில்லை.

அறைத்தோழி இரவில் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள் என்றாயே, போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள், அவளோடு சண்டை போடாதே. கடைவாய்ப் பல்லைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய், பார்த்தாயா. தம்பிக்கு ஒரு வரி அனுப்பு, பாவம், அவன் உளறினது நல்லதுக்குத்தான். அப்பா உன்னை விசாரித்தார், நீ இருக்கும் கட்டடத்து லிஃப்ட் எந்தக் கம்பெனி என்று கேட்கச் சொன்னார். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து நெடுநாள் நன்றாக இரு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த தடவை போனில் நார்மல்தானே என்று கேட்காதே. இன்று வலித்ததா என்று கேள், சொல்கிறேன்.

ஆரம்பத்தில் எழுதாமல் விட்ட வரி இது. இங்கே நான் நலம். இன்று காலையில் வலித்தது, உட்கார்ந்தேன், போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா